சட்டத்தில் பொறித்த எண்

மோட்டார் வண்டியைப் பற்றி எழுத இவருக்கு என்ன வந்தது என்று இவ்விதழின் வாசகர்கள் வியக்கலாம். வியப்பதில் பிழையில்லை. முப்பது ஆண்டுகளாக மதரஸாவில் ஸர்ஃபும் நஹ்வும் கற்பித்து வருபவன் நான். சொல்லின் வேரைக் காண்பது என் தொழில். வண்டியின் அச்சைக் காண்பது அன்று. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும். அதற்கு மேற்பட்ட எதையும் ஓட்டியவன் அல்லன். ஆயினும், 2022-ஆம் ஆண்டின் கோடையில், ஒரு பழைய பிக்கப் வண்டியின் அடியில் மல்லாந்து படுத்து, துருவும் மசகும் முகத்தில் உதிர, இரும்பில் பொறித்த சில எழுத்துகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

காவேரிப்பாக்கத்து ஏரியை இப்பகுதியில் அறியாதவர் இலர். வாலாஜாவுக்கு அருகே பாலாற்றின் குறுக்கே கட்டிய அணைக்கட்டிலிருந்து வாய்க்கால் வழியே நீர் பெறும் பேரேரி அது. அந்த ஊரில்தான் என் மூத்த சகோதரி வாழ்க்கைப்பட்டாள். மச்சான் தோல் வாங்கி விற்பவர். காவேரிப்பாக்கம், நெமிலி, பனப்பாக்கம் எனச் சுற்று வட்டாரம் முழுதும் திரிந்து பச்சைத் தோல்களைச் சேகரித்து, உப்பிட்டு அடுக்கி, மேல்விஷாரத்துக்கும் இராணிப்பேட்டைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஹஜ்ஜுப் பெருநாளின் மூன்று நாட்களிலும் அவருக்கு உறக்கம் என்பது கிடையாது. எங்கள் மதரஸாவுக்குக் கிடைத்த குர்பானித் தோல்களைப் பல ஆண்டுகள் வாடகையின்றி ஏற்றிச் சென்றதும் அவருடைய அந்தப் பிக்கப்தான். ஜீப்பின் மூக்கும், பின்புறம் திறந்த பெட்டியுமாக ஒரு மஹிந்திரா வண்டி. நெற்றியில் 786 என்று பச்சை மையில் எழுதியிருப்பார். பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளை அப்ஜத் கணக்கில் கூட்டினால் வரும் தொகை அது என்பதை அவருக்கு நான்தான் ஒருமுறை விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். அதுவரை அது ஏதோ ராசி எண் என்றே அவர் எண்ணியிருந்தார்.

அந்த வண்டி அவர் கைக்கு வந்தது 1996-ஆம் ஆண்டின் இறுதியில். அந்த ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள், பாலாற்றை மாசுபடுத்திய தோல் பதனிடும் சாலைகள் குறித்து உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு சாலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். கழிவுநீரைத் தூய்மை செய்ய வழிசெய்யாதவை மூடப்பட வேண்டும் என்பது ஆணை. ஆற்றின் பக்கம் நியாயம் இருந்தது. அதை மறுப்பவன் நான் அல்லன். கிணற்றுநீர் கெட்டுப்போன கழனிகளை நானே பார்த்திருக்கிறேன். ஆயினும் அந்த மாதங்களில் எங்கள் பக்கத்தில் எத்தனை பொருள்கள் எத்தனை கை மாறின என்பதற்குக் கணக்கு இல்லை. மரத்தொட்டியும் உருளையும் எடைத்தராசும் மாறின. மச்சான் ஒருநாள் மாலை இந்தப் பிக்கப்பை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினார். யாரிடமிருந்து, என்ன விலைக்கு என்று வீட்டில் எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கணவர் கொண்டுவந்த பொருளைப் பற்றிக் கேட்கும் வழக்கம் அக்காலத்து வீடுகளில் இல்லை.

மச்சான் 2022-இல் ரமளானுக்குச் சற்று முன்னர் வஃபாத்தானார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வண்டி ஓட்டம் நின்று, கொல்லையில் வேப்பமரத்தடியில் கிடந்தது. முன் பம்பர் எப்போதோ கழற்றப்பட்டுவிட்டது. பின் கதவு துருவேறி உதிர்ந்துவிட்டது. ஆகவே பதிவெண் எழுதிய பலகை இரண்டுமே இல்லை. ஆர்.சி. புத்தகமும் இல்லை. அக்கா பீரோவையும் பெட்டியையும் கவிழ்த்துத் தேடினாள். நிக்காஹ் காகிதம் கிடைத்தது, நிலவரி ரசீது கிடைத்தது, வண்டிக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டும் கிடைக்கவில்லை.

வண்டியை வாங்கிக்கொள்ள ஒருவர் வந்தார். பழைய ஜீப் வகை வண்டிகளைப் புதுப்பித்து ஓட்டும் ஆசை இப்போது பலருக்கு உண்டாம். காகிதம் இல்லை என்றதும் விலையை மூன்றில் ஒன்றாகக் குறைத்தார். அது வியாபாரம்; அதில் வருத்தமில்லை. ஆனால் போகும்போது தெருமுனையில் நின்று, “காகிதம் இல்லாத வண்டி, எங்கே கிளப்பிக்கொண்டு வந்ததோ” என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போனார். அச்சொல் அன்று மாலைக்குள் வீட்டுக்குள் வந்துவிட்டது. இத்தாவில் இருந்த அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினாள்.

“தம்பி, வண்டி போனால் போகட்டும். அவர் பேரில் ஒரு சொல் நிற்கக்கூடாது. அது யாருடையது என்று தெரியாமல் அந்தப் பணத்தில் ஒரு பிடி சோறும் எனக்கு வேண்டாம்.”

கண்டெடுத்த பொருளைப் பற்றி ஃபிக்ஹு நூல்களில் ‘லுகதா’ என்றொரு பாடம் உண்டு. பொருளைக் கண்டெடுத்தவன் அது வைக்கப்பட்டிருந்த பையையும் அதைக் கட்டியிருந்த கயிற்றையும் கவனித்து வைத்துக்கொண்டு, ஓராண்டு அறிவித்துவர வேண்டும் என்ற நபிமொழியின் அடிப்படையில் அமைந்த பாடம் அது. பொருளைவிட அதன் அடையாளத்துக்கே முதலிடம். இதை நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்திருக்கிறேன். மச்சானின் வண்டி கண்டெடுத்த பொருள் அன்று. ஆயினும் இதன் கயிறு எது, பை எது என்று நான் தேடியாக வேண்டியிருந்தது.

வாலாஜாவில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மேஸ்திரி மச்சானுக்கு நீண்ட நாள் பழக்கம். அவரை அழைத்துவந்தேன். அவர் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து, “ஹஜரத், மூணு எடத்துல பார்க்கணும். தகடு, எஞ்சினு, சேசிஸ்” என்றார்.

தகடு என்பது உற்பத்தி செய்தவர் பெயரும் எண்களும் பொறித்து, எஞ்சின் அறையின் பின்சுவரில் ஆணியறைந்து வைப்பது. அந்த இடத்தில் நான்கு துளைகள் மட்டும் இருந்தன. என் நெஞ்சு சற்றே நடுங்கிற்று. தகட்டை யார் கழற்றினார்? எதற்காக? மேஸ்திரி அதைப் பொருட்படுத்தவில்லை. “பெயிண்டு அடிக்கிறவன் கழட்டுவான், திரும்ப மாட்ட மாட்டான். பாதி வண்டியில தகடு கெடையாது” என்றார்.

அடுத்து எஞ்சின். பக்கவாட்டில், இழைத்துச் சமன்செய்த ஒரு பரப்பில் எண் தெளிவாகவே இருந்தது. மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் இரண்டு முறை துடைத்ததும் ஒவ்வோர் இலக்கமும் எழுந்து நின்றது. நான் மகிழ்ந்து எழுதிக்கொள்ளத் தொடங்கினேன். மேஸ்திரி சிரித்தார்.

“எழுதிக்குங்க, தப்பில்ல. ஆனா இது அசல் எஞ்சின் இல்ல. பாய் நடுவுல மாத்தினது. நான்தான் ஏத்தினேன். எஞ்சினு மருமக மாதிரி ஹஜரத், வேற வூட்லேர்ந்து வரும். சேசிஸ்தான் இந்த வூட்ல பொறந்த புள்ள.”

இந்த ஒரு வாக்கியத்தில் அவர் சொன்ன இலக்கணம் நான் பின்னர் படித்தறிந்த அனைத்துக்கும் பொருந்திவந்தது. எஞ்சின், கதவு, பெட்டி அனைத்தும் மாற்றத்தக்கவை. வண்டியின் முதுகெலும்பாகிய இரு நீண்ட இரும்புச் சட்டங்களே மாறாதவை. ஆதலின் வண்டியின் அடையாளமும் அவற்றில்தான் பொறிக்கப்படுகிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 122-ஆம் விதி இதைக் கட்டாயமாக்குகிறது. தமிழில் இரும்புச் சட்டத்துக்கும் அரசின் சட்டத்துக்கும் ஒரே சொல் அமைந்திருப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

ஆனால் சட்டத்தில் எங்கே? இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜீப்புகளிலேயே இதில் ஒற்றுமை இல்லை. வில்லிஸ் நிறுவனத்தார் முன் பம்பருக்குப் பின்னால், இடப்புறச் சட்டத்தின் உட்பக்கத்தில் எண் தகட்டை அறைந்தனர். அதே ஜீப்பைச் செய்த ஃபோர்டு நிறுவனத்தார் இடப்புறச் சட்டத்தின் மேல்முகத்தில் எண்ணை நேரே இரும்பிலேயே பொறித்தனர். அந்த வில்லிஸ் ஜீப்பை நம் நாட்டில் கூட்டிச் செய்யத் தொடங்கியவர்களே மஹிந்திரா நிறுவனத்தார். 1945-இல் லூதியானாவில் அந்நிறுவனம் தொடங்கியபோது அதன் பெயர் ‘மஹிந்திரா அண்டு முஹம்மத்’ என்பதை நம் வாசகர்களில் எத்தனை பேர் அறிவரோ! மஹிந்திரா சகோதரர்களின் கூட்டாளியாக இருந்த மாலிக் குலாம் முஹம்மத், பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். பின்னர் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948-இல் நிறுவனத்தின் பெயர் ‘மஹிந்திரா அண்டு மஹிந்திரா’ என்று மாறிற்று. வண்டிகள் மட்டுமா பெயர் மாறுகின்றன?

மேஸ்திரி தம் அனுபவத்தைக் கொண்டு வலப்புறச் சட்டத்தையே பிடித்தார். முன் சக்கரத்தைக் கழற்றி, அதன் பின்னால் உள்ள பரப்பைக் காட்டினார். நான் கண்டது இரும்பே அன்று. கறுத்த தார் போன்ற ஒரு தோல். மசகு, செம்மண், பல முறை பூசிய மை, அவற்றின் மேல் உப்பு. பச்சைத் தோலிலிருந்து வடியும் உப்புநீர் இருபது ஆண்டுகள் இந்த வண்டியின் அடிவயிற்றில் ஒழுகியிருக்கிறது. பெட்டிக்குக் கீழே பின்சட்டம் அப்பளம் போல் நொறுங்கியது. மேஸ்திரி திருப்புளியால் ஒரு குத்துக் குத்த, அது உள்ளே போய்விட்டது. எண் பின்புறத்தில் பொறிக்கப்பட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திராது.

“கிரைண்டர் வச்சா அஞ்சு நிமிஷம்” என்றான் உடன் வந்த பையன். மேஸ்திரி அவனைக் கண்டித்தார். அரைக்கும் கல்லை வைத்தால் அழுக்கோடு எண்ணும் போய்விடும்; அதன்பின் அந்த வண்டியை எந்த ஆய்வாளரும் ஐயத்துடனேயே பார்ப்பார். எண் தேய்ந்து போனாலும் நாமாக மீண்டும் பொறிக்கலாகாது. அதைப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியோடுதான் செய்ய வேண்டும். ஆகவே மெதுவான வழி. மண்ணெண்ணெய் தடவி ஓர் இரவு ஊறவிட்டோம். மறுநாள் மரச்சீவலால் சுரண்டினோம். பின்னர் பித்தளைக் கம்பி பிரஷ், அதன்பின் தேய்ந்துபோன பழைய உப்புத்தாள். இரும்பு சாம்பல் நிறத்தில் வெளிப்பட்டது. ஆனால் எண் தெரியவில்லை. நேராக டார்ச் அடித்தால் ஒன்றுமே இல்லை. மேஸ்திரி டார்ச்சைச் சட்டத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். பள்ளங்களில் நிழல் விழ, ஓர் எழுத்தின் கால் தெரிந்தது. அதையடுத்து ஒரு வளைவு. என்னையறியாமல் “அல்ஹம்துலில்லாஹ்” என்றேன். அடியில் படுத்திருந்ததால் ஒரு மண்கட்டி வாயில் விழுந்தது.

அதன்மேல் சாக்குத்தூளைப் பூசித் துடைத்தோம். பள்ளத்தில் மட்டும் வெண்மை தங்கிற்று. மெல்லிய தாளை வைத்து, கரிய பென்சிலைப் படுக்கைவாட்டில் தேய்த்தேன். வண்டியை மாவட்டம் மாற்ற ஆட்சேபணையின்மைச் சான்று கேட்போர் விண்ணப்பத்தில் ஒட்டித்தரும் பென்சில் படி இதுவேதான். கல்வெட்டுக்குப் படியெடுப்போர் ஈரத்தாளும் மையும் கொண்டு செய்வதை நாங்கள் பென்சிலால் செய்தோம், அவ்வளவே வேறுபாடு. நான்காம் முறை எடுத்த படியில் எண் முழுவதும் விழுந்தது. ஆறாம் இலக்கம் ஒன்றைத் தவிர.

அது மூன்றா, எட்டா? என் கண்ணுக்கு மூன்று, மேஸ்திரிக்கு எட்டு, பையனுக்கு ஒன்பது. அரபி எழுத்து வரலாற்றை அறிந்தவருக்கு இந்தத் துன்பம் புதிதன்று. புள்ளியிடாத காலத்தில் பா, தா, ஸா மூன்றும் ஒரே வடிவம். புள்ளி பிசகினால் பெயர் பிசகும், அறிவிப்பாளரே வேறொருவராகிவிடுவார். இத்தகைய பிழைக்கு ஹதீஸ் கலை வல்லோர் ‘தஸ்ஹீஃப்’ என்று பெயரிட்டனர்; ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் அபூ அஹ்மத் அல்அஸ்கரீ இதற்கென்றே நூல் இயற்றினார். மோட்டார் உலகத்தாரும் இதே சிக்கலை எதிர்கொண்டுள்ளனர் என்பதை என் மாணவர் ஒருவர் தேடிக்கொடுத்த செய்திகளிலிருந்து அறிந்தபோது எனக்கு உறவினரைக் கண்டதுபோல் இருந்தது. 1977-இல் அனைத்துலகத் தர அமைப்பு வண்டிகளுக்குப் பதினேழு இடங்கள் கொண்ட அடையாள எண்ணை வகுத்தது. அமெரிக்காவில் 1981-ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து அது கட்டாயமாயிற்று. அதில் ஐ, ஓ, க்யூ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளுக்கு இடமே இல்லை. ஒன்றோடும் சுழியத்தோடும் மயங்கும் என்பதால் விலக்கிவிட்டனர். முதல் மூன்று இடங்கள் செய்தவர் யார் என்பதைச் சொல்லும்: எம்.ஏ.1 என்று தொடங்கினால் மஹிந்திரா, எம்.ஏ.டி. என்றால் டாட்டா.

எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது, வட அமெரிக்க வண்டிகளில் ஒன்பதாம் இடத்தில் நிற்கும் சோதனை இலக்கம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்மதிப்பு: ஏ ஒன்று, பி இரண்டு, சி மூன்று, டி நான்கு. நம் அலிஃப் ஒன்று, பா இரண்டு, ஜீம் மூன்று, தால் நான்கு! அம்மதிப்புகளை ஒவ்வோர் இடத்துக்கும் உரிய எண்ணால் பெருக்கிக் கூட்டி, பதினொன்றால் வகுத்து, மீதியை ஒன்பதாம் இடத்தில் வைக்கின்றனர். மீதி பத்தானால் எக்ஸ். இடையில் ஓர் இலக்கத்தை ஒருவர் தவறாகப் படித்தால் கணக்கு ஒத்துவராது. பிழை அங்கேயே பிடிபடும். இறந்தவரின் ஆண்டைக் கவிதையடிக்குள் அப்ஜத் கணக்கில் ஒளித்துவைத்த நம் முன்னோர் இதைக் கண்டிருந்தால் மிகவும் ரசித்திருப்பர். ஆனால் எங்கள் வண்டியின் எண் இந்த முறைக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த குறுகிய எண். அதில் சோதனை இலக்கம் இல்லை. மூன்றும் எட்டும் அப்படியே நின்றன.

அமிலம் ஊற்றினால் தெரியும் என்று மேஸ்திரி கேள்விப்பட்டிருந்தார். அது உண்மையே. அச்சால் ஓங்கியடித்து எண்ணைப் பொறிக்கும்போது பள்ளத்துக்குக் கீழே உள்ள இரும்பும் இறுகி உருமாறுகிறது. மேற்பரப்பை அராவி அழித்தாலும் அந்த உருமாற்றம் அடியில் தங்குகிறது. செப்புக் குளோரைடு கலந்த அமிலம் இறுகிய இரும்பையும் இறுகாத இரும்பையும் ஒரே வேகத்தில் அரிப்பதில்லை; ஆகவே அழிந்த எண் சற்று நேரம் நிழலாக எழுகிறது. தடய அறிவியல் கூடங்களில் இதைச் செய்கின்றனர். தோல் வியாபாரிகளுக்கு இது வியப்பாக இராது. மாட்டுக்குச் சூடுபோட்ட தழும்பு சுண்ணாம்பில் ஊறினாலும் ஆவாரம்பட்டையில் பதப்பட்டாலும் போவதில்லை. பதனிட்ட தோலில் அது துலங்கி நின்று விலையைக் குறைக்கும் என்று மச்சான் அடிக்கடி சொல்வார். அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரில் 1995 ஏப்ரல் 19 அன்று 168 உயிர்களைப் பலிகொண்ட குண்டுவெடிப்பில் சிதறிய லாரியின் பின் அச்சில் இருந்த எண்ணே, அது எந்தக் கடையில் வாடகைக்கு எடுக்கப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் அமிலம் எங்களைப் போன்றோர் கையில் எடுக்கத்தக்கதன்று. விட்டுவிட்டோம்.

வழி வேறிடத்தில் திறந்தது. அக்காவின் மூத்த மகளுடைய நிக்காஹ் படம் ஒன்றில் பின்னணியில் அந்தப் பிக்கப் நிற்கிறது. பதிவெண்ணின் எழுத்துகளை ஒரு சிறுவன் தலையால் மறைத்திருந்தான். நான்கு இலக்கங்கள் தெரிந்தன. அந்தப் படத்தையும் பென்சில் படியையும் எடுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குச் சென்றேன். பழைய வடஆர்க்காடு மாவட்டம் பலவாகப் பிரிந்து, 2019-இல் இராணிப்பேட்டையும் தனி மாவட்டமாகிவிட்டதால், எந்த அலுவலகத்தில் எந்தப் பழைய பதிவேடு இருக்கிறது என்று அறியவே மூன்று பயணம் ஆயிற்று. கணினியில் எங்கள் வண்டி இல்லை. ஓர் எழுத்தர், ஓய்வு பெறும் வயதினர், படத்தை வெகுநேரம் பார்த்தார். சிறுவனை விலக்கச் சொல்வார் போலிருந்தது. பின்னர் உள்ளே போய்த் தூசு படிந்த மூன்று தொகுதிகளைக் கொண்டுவந்து, ஒவ்வொரு வரிசையிலும் அந்த நான்கு இலக்கங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாம் தொகுதியில் நின்றார்.

“படிங்க பாய்” என்றார். நான் என் தாளில் இருந்ததைப் படித்தேன். அவர் விரல் ஒவ்வோர் இலக்கமாக நகர்ந்தது. ஆறாவதில் நின்றது.

“எட்டு” என்றார்.

1987-ஆம் ஆண்டில் செய்த வண்டி. உரிமையாளர் பெயர், இப்போது இல்லாத ஒரு தோல் பதனிடும் சாலை. அதன்பின் பெயர் மாற்றமே இல்லை. திருட்டுப் புகார்க் குறிப்பும் இல்லை. மச்சான் அந்த வண்டியை அத்தனை ஆண்டுகள் பிறர் பெயரிலேயே ஓட்டியிருக்கிறார்! அவர் செய்தது சட்டப்படி பிழை. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் தெருமுனையில் பேசிய பேச்சு அது அன்று.

அச்சாலையின் பங்குதாரர்களில் ஒருவர் மேல்விஷாரத்தில் இருந்தார், எண்பது கடந்தவர். நான் நீட்டிய தாளைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, “இது நான் கொடுத்த வண்டி. விலைக்கு இல்லை, வாடகை பாக்கிக்கு. சாலை மூடும்போது என்னிடம் பணம் இல்லை. புத்தகம் வங்கியில் இருந்தது. மீட்டதும் தருகிறேன் என்றேன். மீட்டேன், பிறகு மறந்துவிட்டேன். உங்கள் மச்சான் ஒருமுறையும் கேட்கவில்லையே” என்றார். சற்று நேரம் கழித்து, “பாக்கி அந்த வண்டியோடு தீரவில்லை. கொஞ்சம் மிச்சம் இருந்தது” என்றும் சொன்னார். எவ்வளவு என்பது அவருக்கு நினைவில்லை. மறுவாரம் மகன் கையில் ஒரு தொகை கொடுத்தனுப்பினார். அக்கா இரண்டு நாள் யோசித்து வாங்கிக்கொண்டாள். வாங்கியது சரியென்பதே என் கருத்து. அது கடன், தர்மம் அன்று.

கையொப்பங்கள், காவல் நிலையச் சான்று, படிவங்கள் எனச் சில மாதங்கள் ஓடின. அவற்றை விரித்தெழுத வேண்டியதில்லை, அனுபவப்பட்டவர் அறிவர். இறுதியில் ஆய்வாளர் வந்து பின்சட்டத்தைப் பார்த்து, இனி இது சாலைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். எஞ்சின் மாற்றம் பதியப்படாததும் ஒரு குறையாயிற்று. ஆக, பதிவை ரத்துச் செய்து, இரும்பு விலைக்கே கொடுக்க வேண்டியதாயிற்று. காயலான் கடை என்ற சொல் நம் காயல்பட்டினத்தாரால் வந்தது என்பர். அதை எண்ணியபடியே அங்கு நின்றிருந்தேன். முதலில் எண் பொறித்த துண்டை மட்டும் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்தார்கள், அலுவலகத்தில் ஒப்படைக்க. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். சூடு ஆறும்வரை காத்திருந்து கையில் வாங்கிப் பார்த்தேன்.

கிடைத்த தொகை, முதலில் வந்தவர் குறைத்துக் கேட்ட விலையைவிடவும் குறைவு. அக்கா அதை எண்ணிப் பார்க்காமலே முடிந்துகொண்டாள்.

பென்சில் படிகளில் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஓதிக்கொடுக்கும் கிதாபில், லுகதா பாடம் தொடங்கும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மாணவர்கள் யாரேனும் அதை எடுத்துப் பார்த்து என்னவென்று கேட்பதுண்டு. ஆறாம் இலக்கம் என் கண்ணுக்கு இன்னும் மூன்றாகத்தான் தெரிகிறது.